ஒரு பயறளவுதான், மைனி

என் தங்க மைனிக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கொன்றது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஷீபா நீங்கள் போன பிறகு பிறந்தவள். மாப்பிள்ளை மஸ்கட்டில். போன வருடம் அவள் முகம் பூசணிக்காய் போல உருண்டது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியது. ஒருநாள் கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாள், வயிற்றில் ஊதா வரிகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்த அதே வரிகள்!

பட்டயம் கிடைத்த பத்து சென்ட்டில் ஓலைவீட்டை மாற்றிக் கட்டத்தானே உங்களை விட்டுவிட்டு என் அண்ணன் கல்ஃபுக்குப் போனார்? உங்கள் முகம் உருண்டபோது, “கல்ஃப் சாப்பாடாக்கும்” என்று ஊர் சிரித்தது. வயிறு தள்ளியதும் பேச்சு மாறியது. திருவிருந்து ஞாயிறுகளில் உங்களை அப்பம் வாங்க விடாமல் சர்ச்சில் பின் பெஞ்சிலேயே இருக்கச் சொன்னார்கள். “எட்டி லீலா, எனக்கு என்னமோ சூக்கேடு உண்டு, நோயாக்கும். இவங்களுக்கு அது புரியல்ல” என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். காய்ச்சலில் நீங்கள் போனதும், பிள்ளையைக் கலைக்க மருந்து குடித்துச் செத்தாள் என்றார்கள்.

ஊர் வாயைத் திறப்பதற்குள் ஷீபாவைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம், சிறுநீர், எச்சில்கூடப் பார்த்தார்கள். கார்ட்டிசால் என்று உடம்பில் ஒரு சுரப்பு உண்டாம். பயத்திலும் நோயிலும் நம்மைத் தாங்குவது அதுதானாம். அளவு மீறினால் இந்தக் கோலம்; சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடுமாம். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு, சுரக்கச் சொல்லி ஓயாமல் ஏவுகிறதாம். பயறளவு கட்டி, மைனி! ஒரு பெண்ணின் உயிரையும் மானத்தையும் வாங்க அது போதுமா?

மண்டையைப் பிளப்பார்கள் என்று நடுங்கினேன். மூக்கு வழியாகப் போய் எடுத்துவிட்டார்கள், சளி சிந்துகிற இந்த மூக்கு வழியாக! மிச்சம் இருந்தாலோ திரும்ப வந்தாலோ சுரப்பை அடக்க மாத்திரை உண்டாம், கதிர்வீச்சு உண்டாம். எதற்கும் அடங்காவிட்டால் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க மாத்திரையோடு வாழலாமாம். டாக்டரம்மாவிடம் உங்களைப் பற்றியும் சொன்னேன். பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, அடையாளமெல்லாம் இதேதான் என்றார். இந்தச் சிகிச்சைகளில் சில அன்றைக்கே இருந்தனவாம். நமக்கு யார் சொன்னார்கள்?

ஷீபாவுக்கு முதல் வழியே பலித்தது. சில மாதம் எழும்ப மாட்டாமல் சோர்ந்து கிடந்தாள். அவள் உடம்பு தானாகச் சுரக்கப் பழகும்வரை, அந்தச் சுரப்புக்குப் பதிலாகத் தந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிறகு மெல்ல மெல்லத் தாடை தெரிந்தது, கழுத்து தெரிந்தது. வேலியோரம் நின்று வாய் பிளந்து பார்த்தேன். கர்த்தர் மண்ணைப் பிசைந்து மனுஷியை உண்டாக்கும்போது பக்கத்தில் நிற்க எனக்கு இடம் கிடைத்தது போல இருந்தது.

அண்ணனும் பார்த்தார். கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. உங்கள் கல்லறைக்கும் ஒருதரம்கூட வந்ததில்லை. துக்கம் தாங்காமல்தான் என்று நினைத்திருந்தேன். நேற்று ஷீபா அவள் வீட்டுப் பலாவில் பழுத்த சக்கைப்பழம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனதும் மெதுவாகக் கேட்டார்:

“லீலா, அப்போ அவளுக்கும் இதுதானா? வயித்துல பிள்ளை ஒண்ணும் இல்லியே?”

இத்தனை வருடமும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டா என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூக்கேடாக்கும் அண்ணா.”

தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் இப்போ கல்லறைக்குப் போனா அவளுக்குப் பிடிக்குமா?” என்றார்.

அதை நீங்களே சொல்லுங்கள், மைனி. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்து உங்களிடம் கூட்டிக்கொண்டு வாறேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் பாடு. நான் சற்றுத் தள்ளி நிற்பேன்.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும் நாத்தனார்,
லீலா