விழாவுக்குப் போன ஆறு வெள்ளைப் புறாக்கள்

என் உயிரான மாமாவுக்கு,

நல்ல சேதியாக நாலு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாயில் வசவுதான் வருகிறது. நீங்கள் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள் விசிறிவால் வெள்ளை லக்காப் புறாக்களைக் கொன்றுவிட்டார்கள். கொன்றுவிட்டுக் கையும் தட்டினார்கள். கூண்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நான்.

பிரெஞ்சுக்காரன் சங்கதியெல்லாம் இந்த வருஷத்தோடு முடிந்து, ஊர் முழுசாக இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. சந்தோஷம்தான். அதற்கு நம் முதலியார்பேட்டைத் தெருச் சங்கம் கடற்கரையில் கொடியேற்று விழா வைத்தது. மில்லில் உங்களோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தானே சபாபதி, அவன்தான் இப்போது சங்கத்துச் செயலாளர். கஞ்சி போட்ட வேட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, கொடி ஏத்துன கையோட சமாதானப் புறா வுடணும். வெள்ளப் புறாவுக்கு நம்ம அண்ணன் வூட்ட வுட்டா வேற எங்க போறது? ஒரு ஆறு குடுங்க. மைக்குல அண்ணன் பேரச் சொல்லிடறேன்."

"தம்பி, இது லக்கா. மாடிக்கும் வாசலுக்குமே தத்தித் தத்திதான் பறக்கும். வெளியில வுடக் கூடாது."

"புறான்னா புறாதான் அண்ணி. பெரிய மார்க்கெட்டு ஓட்டு மேல எத்தினி திரியுது? அதுக்கெல்லாம் யாரு கம்பு போடறாங்க? அதுங்களோட போய்ச் சேந்துக்கும்."

புறான்னா புறாதானாம்! ஞாயிறு தவறாமல் நம் மாடியில் உட்கார்ந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, உங்கள் புறாப் பேச்சை எந்தக் காதால் கேட்டான் அவன்?

ஒருமுறை மார்க்கெட்டுப் புறா ஒன்று இறக்கையில் அடிபட்டு நம் மாடியில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவும். கையில் எடுத்தால் எலும்பும் சதையும் இறுகிக் கிடந்தது. அதையும் நம் லக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சபாபதிக்கும் எனக்கும் காட்டினீர்கள்.

"இதுவும் எந்தக் காலத்துலயோ எவனோ வூட்டுல வளத்ததோட வம்சந்தான். கூண்ட வுட்டுப் போனதுங்கள்ல பூனைக்கும் வல்லூறுக்கும் தப்பிச்சது மட்டும் குஞ்சு பொரிச்சு, அதுலயும் கெட்டிக்காரக் குஞ்சு மட்டும் பொழச்சு, இப்படி ஆயிருக்கு. நம்ம லக்கா அப்படியா? அழகா இருக்கறதப் பாத்துப் பாத்து ஜோடி சேத்தோம். மார்புதான் நிமிந்துச்சு, வால்தான் விரிஞ்சுச்சு. பொழைக்கற புத்தி போயிடுச்சு."

பிறகு இரண்டின் வாலையும் விரித்து எண்ணினீர்கள். மார்க்கெட்டுப் புறாவுக்குப் பன்னிரண்டு இறகு. லக்காவுக்கு முப்பதைத் தாண்டியது. "காத்து அடிச்சா இந்த வாலே இத இழுத்துட்டுப் போயிடும்" என்றீர்கள். எச்சம் கழுவிக் கழுவி இடுப்பொடிந்த கோபத்தில், நான் அன்றைக்கும் உங்களை ஏசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் என் காதில் ஏறியது. அவன் காதில் ஏன் ஏறவில்லை?

இந்தப் புறாக்களை முதலில் வளர்த்த பிரெஞ்சுத் துரை கப்பலேறிய கதையும் அவனுக்குத் தெரியும். ஐம்பத்து நாலில் வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் துரை புறாவைத் திறந்துவிடக் கூண்டுக் கதவில் கை வைத்தாராம். "வேணாம் முசியே, அதுக்குத் தெரு தெரியாது" என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்து, அந்த ஒரு ஜோடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை கையைப் பிடிக்க உங்களுக்குத் தைரியம் இருந்தது. நம் தெரு சபாபதி கையைப் பிடிக்க எனக்கு இல்லை.

இல்லை மாமா, தைரியம் இல்லாமல் இல்லை. மைக்குக்கு ஆசைப்பட்டேன். நீங்கள் செத்த அன்று மில் சங்கு எப்போதும் போலத்தான் ஊதியது. ஒரு தடவையாவது உங்கள் பேரை நாலு பேர் கேட்கட்டும் என்று நினைத்தேன். அடைகாத்துக்கொண்டிருந்த ஜோடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் பிடித்துக் கொடுத்தேன்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்து மணலில் மேடை. காலையிலேயே ஆடிக் காற்று ஊரிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. புறாக்களின் காலில் மூன்று நிறத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். "நம் சங்கத்தின் சார்பில் சமாதானப் புறாக்கள்!" என்று மைக்கில் கத்தினான் சபாபதி. உங்கள் பேர் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை.

தூக்கி எறிந்தார்கள். விரிந்த வாலைக் காற்று பிடித்துக்கொண்டது. திரும்பி வர ஒன்றுக்கும் தெம்பில்லை. நாலு புறாக்கள் அலைக்கு அப்பால் போய் விழுந்தன. மற்ற இரண்டும் கருவாடு காயும் இடத்தில் விழ, காக்கைகள் சூழ்ந்துகொண்டன. கூட்டம் அண்ணாந்து கை தட்டிக்கொண்டே இருந்தது. நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒன்றே ஒன்றைத் தூக்கி வந்து என் முந்தானையில் போட்டாள்.

"ஏம்மே, இது வூட்டுப் புறாவாச்சே! இத எந்தப் பாவி கடல்ல கொண்டாந்து வுட்டான்?"

மீன் விற்கிறவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. "நான்தாம்மா குடுத்தேன்" என்றேன்.

மறுநாள் தெருமுனைப் படிப்பகத்துப் பலகையில் விழா அறிக்கை ஒட்டியிருந்தார்கள். 'வெண்புறாக்கள் வானில் வட்டமிட்டு மறைந்தன' என்று எழுதியிருந்தது. மறைந்தனவாம்! எழுதிய கை கூசவில்லையா?

கேளுங்கள், இன்று காலை மறுபடியும் வந்தான். அடுத்த மாதம் மந்திரி வருகிறாராம், மிச்சம் இருக்கும் ஜோடி வேண்டுமாம். நான் திட்டவில்லை. கடலிலிருந்து பிழைத்து வந்ததைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"புடி தம்பி. வால விரிச்சு எண்ணு."

"எதுக்கு அண்ணி?"

"எண்ணு."

எண்ணினான். உடைந்தது போக மீதியே இருபத்தாறு இருந்தது. பன்னிரண்டைத் தாண்டும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டு, "எனக்குத் தெரியாது அண்ணி" என்றான்.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். நீ போ."

போய்விட்டான். அவன்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இந்த ஜென்மத்தில் ஆறாது. என்மேல் இருப்பதற்கு எங்கே போவேன், மாமா? நீங்கள் இருந்தால் ஒரு அறை விட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். பேசாமல் மாடிக்குப் போய் வெறும் கூண்டைக் கழுவியிருப்பீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை அதே படிப்பகத்துப் பலகையில், அவர்கள் அறிக்கைக்குப் பக்கத்திலேயே ஒட்டப்போகிறேன். சபாபதி பேரோடு என் பேரும் இருக்கும். மைக்கில் வராத உங்கள் பேரை மேலே பெரிதாக எழுதி ஒட்டுவேன். நேற்று முட்டை பொரிந்தது. இரண்டு குஞ்சு. மந்திரியே வந்து கேட்டாலும் இனி இந்தக் கூண்டுக் கதவு திறக்காது. அந்தத் துரையின் கையைப் பிடித்தீர்களே, அதேபோல் நானும் பிடிப்பேன்.

தெரிந்தே திறந்துவிட்ட,
உங்கள் அக்கா மகளும் பெண்சாதியுமான
தனம்