நீ என்னை வெளியே நிறுத்திய வாரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பது முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ பேசியதில் பாதி இருமல், ஆகவே கேட்பதற்குப் பதிலாகச் சொல்கிறேன், மருத்துவரைப் போய்ப் பார். உன் அப்பாவின் முழங்கால் முன்போலவே இருக்கிறது, அதைப் பற்றிய அவருடைய பேச்சுதான் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கிறது. குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் சமையலறைக் குழாயையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் தம்பிக்கு அலுவலகத்தில் மேசையை ஜன்னலோரமாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பதவி உயர்வு போலச் சொல்லிக்கொண்டு திரிகிறான். இவற்றையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டைத் தொடங்கிவிடுவாய். காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. உன் குழுவிலிருந்து என்னை ஒரு வாரம் வெளியே நிறுத்தினாயே, அதைப் பற்றிக் குறுக்கீடு இல்லாமல் எழுத விரும்புகிறேன், நீயும் குறுக்கிடாமல் படி.

காய்ச்சலில் உனக்கு வாசனை அறியும் சக்தி போய், அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் உனக்கே தெரிந்தது என்று கேள்விப்பட்ட அன்று நான் பயந்தேன். பயந்ததை உன்னிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. கொஞ்ச நாளில், உன்னைப் போல் மோப்பம் இழந்தவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு தொடங்கியிருக்கிறேன், பெயரும் மோப்பம்தான் என்றாய். நாய்க்கு வைக்க வேண்டிய பெயர் என்றேன். நீ சிரித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டாய். முதல் சில மாதங்கள் குழுவில் மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். இன்று எதை முகர முடியாமல் போயிற்று என்று தினமும் காலையில் நீ ஒரு கேள்வி போடுவாய், யாரும் பதில் எழுதாவிட்டால் மறுநாளும் போடுவாய். சுவருக்குப் பாடம் நடத்துகிறாள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், பாடம் நடத்துறது உன் ரத்தம், சுவர்னு தெரிஞ்சும் நடத்துறது என் பொறுமை என்று பங்கு பிரித்துக்கொண்டார்.

பிறகு நானும் சேர்ந்தேன். உன் தாய் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது என்னுடைய நிபந்தனை, சலுகை வேண்டாம் என்பதற்காகத்தான். மூக்கு ஒழுங்காக வேலை செய்யும் உறுப்பினர்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே, அவர்களில் வேதியியல் படித்தவள் நான் ஒருத்தி. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமே கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றத்தைக் கலக்கிறார்கள், அந்த நாற்றம் எட்டாதவர்கள் எச்சரிக்கைக் கருவி வைத்தே ஆக வேண்டும் என்றும், கழிப்பறை கழுவும் அமிலத்தையும் துணி வெளுக்கும் திரவத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், நச்சு வாயு எழும் என்றும் எத்தனை பேருக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அவர்கள் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார்கள். கல்லூரிப் பேராசிரியை என்று திருத்திப் பார்த்தேன், டீச்சரம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு என்று எழுதிச் சிரித்தார்கள், விட்டுவிட்டேன். கூட்டம் பெருகப் பெருக நீ செய்தவற்றையும் கவனித்தேன். எண்ணெய் தடவினால் மூக்குத் திரும்பும் என்று விற்க வந்தவன் ஆயிரம் பேரைக் கூட்டி வருகிறேன் என்றபோது அவனையும் அந்த ஆயிரத்தையும் சேர்த்தே அனுப்பிவைத்தாய். புதியவர் எழுதினால் நீ முதலில் பதில் சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்லட்டும் என்று கை கட்டிக் காத்திருக்கிறாய். ஆரம்பத்தில் அதைத் திமிர் என்றே நினைத்தேன். நீயே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் அது வகுப்பறையாகிவிடும், அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னால்தான் குழுவாகும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் இருந்தவளுக்கு வேறு எப்படி விளங்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இளம் தாய் புதிதாக வந்து எழுதினாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்த காய்ச்சலில் மூக்குப் போயிற்றாம், பிள்ளை பிறந்து சில மாதங்களாகின்றன, மாமியார் முதல் பக்கத்து வீட்டுச் சிறுமி வரை எல்லோரும் பிள்ளையின் தலையை முகர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள், என் குழந்தைய என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் எழுதியது உனக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காக மறுபடி எழுதுகிறேன். குழந்தையைப் பார்க்க முடிகிறது, அதன் குரல் கேட்கிறது, கையில் எடுக்க முடிகிறது. கண் தெரியாத தாய்மார்களும் காது கேளாத தாய்மார்களும் பிள்ளை வளர்க்கும் உலகில் இது ஒரு குறையா, என்று கேட்டேன். வாக்கியத்தில் பிழை இல்லை, தகவலிலும் பிழை இல்லை. ஆனால் உன் குழுவின் இரண்டாம் விதி, ஒருவருடைய இழப்பை இன்னொருவருடைய இழப்போடு நிறுத்துப் பார்க்கக் கூடாது என்கிறது. அன்று மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தவர் உறுப்பினர்களில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர். மதிப்புக்குரிய டீச்சரம்மா அவர்களுக்கு என்று தொடங்கி, தாங்கள் ஒரு வாரம் குழுவில் படிக்கலாம், எழுத இயலாது, தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம், வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று முடித்திருந்தார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை இதுவரை கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில்லை.

உனக்கு உடனே எழுதினேன், நான் சொன்னதில் என்ன பிழை என்று. நீ இரண்டே சொற்றொடரில் பதில் போட்டாய்: பிழை இல்லம்மா, விதி இருக்கு. அதை உன் அப்பாவிடம் காட்டினேன், தப்பு செய்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து நான் செய்ய நினைச்சதை என் பொண்ணு ஒரு வரில செஞ்சுட்டா என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியை மறந்து எழுந்துபோய்த் தனக்குத் தானே காப்பி போட்டுக்கொண்டார். உன் தம்பி, சொந்த மகளே வெளிய தள்ளிட்டாளாம்மா, வா நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கலாம், அதுல நீ யாரை வேணா திட்டு என்றான். உன் சித்திதான் நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். பெத்தவளுக்கே கதவடைப்பா, இதைக் கேக்க நாதியில்லையா என்று தொலைபேசியில் என்னிடம் பொரிந்துவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அன்றே மோப்பத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாள். அவள் மூக்குக்கு இரண்டு தெரு தாண்டிய வாசனையும் எட்டும். சேர்ந்த கையோடு, நீங்க வெளியே தள்ளினது யாரைன்னு தெரியுமா, இந்தக் குழுவை ஆரம்பிச்சவளோட அம்மாவை என்று எல்லோரும் பார்க்கப் போட்டு உடைத்தாள்.

அதன் பிறகு நடந்ததை நான் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலப் பார்த்தேன், வாயைத் திறக்க வழியில்லை. ரொட்டிக்கடைக்காரர் பதறிவிட்டார். எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன், என் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க என்று எழுதினார். தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்ற அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி படித்தேன். பழைய உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக, டீச்சரம்மா எத்தனை பேருக்கு உதவியிருக்காங்க, இந்த ஒரு தடவை விட்டுடலாமே என்று சிபாரிசுக்கு வந்தார்கள். அந்த இளம் தாய் மட்டும் எதுவும் எழுதவில்லை. நீ அன்று தளர்ந்திருந்தால், நான் அன்று மாலையே உள்ளே வந்திருப்பேன், ரொட்டிக்கடைக்காரர் வெளியே போயிருப்பார், அந்தப் பெண் சத்தமில்லாமல் விலகியிருப்பாள், உன் விதிகள் எல்லாம் உறவுக்காரர்கள் இல்லாத ஏழைகளுக்கு மட்டும் என்று ஆகியிருக்கும். நான் வேலை பார்த்த கல்லூரியிலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒவ்வொரு விதிக்கும் எங்கேயோ ஒரு மைத்துனன் இருந்தான். அங்கே நேர்மையானவர்கள் ஒவ்வொருவராக எப்படிப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவள். ஆகவே அன்று நீ என்ன எழுதப் போகிறாய் என்று கைப்பேசியைக் கையிலிருந்து கீழே வைக்காமல் காத்திருந்தேன். சலுகை வேண்டாம் என்று நிபந்தனை போட்டவள்தான், இருந்தாலும் மனதின் ஒரு மூலையில், மகள் கூப்பிடுவாள் என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பதற்கு இல்லை.

நீ எழுதியதை அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ரொட்டிக்கடை அண்ணன் செஞ்சது சரி. அவர் பொறுப்புல அவரே தொடர்றார். டீச்சரம்மா என் அம்மாதான், வாரம் முடிஞ்சதும் வருவாங்க. அவ்வளவுதான். எனக்காக ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை, என் தொண்டு பற்றிய புகழுரையும் இல்லை. உன் சித்தி உடனே என்னை அழைத்து, பாத்தியா உன் வளர்ப்பை என்றாள். பார்த்தேன், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஃபோனை வை என்றேன். அவளுக்கு அது திட்டாகத் தோன்றியிருக்கிறது, இன்னும் பேசவில்லை. நீ அழைத்தால் இரண்டு வார்த்தை சமாதானம் சொல், ஆனால் குழுவிலிருந்து அவளை விலக்காதே, யாருக்கோ வெந்நீர் ஒத்தடம் பற்றி அறிவுரை சொல்ல ஆரம்பித்து இப்போது சந்தோஷமாக இருக்கிறாள்.

அந்த வாரம் முழுவதும் பதில் சொல்ல வழியின்றிப் படித்தேன். பதில் சொல்ல முடியாதவர்களுக்குத்தான் முழுவதையும் படிக்கும் பொறுமை வருகிறது. இளம் தாய்க்குப் பலர் எழுதினார்கள். ஒரு தையற்காரப் பெண்மணி, எனக்கும் தெரியலை தங்கச்சி, நான் பிள்ளையோட கழுத்துல கன்னத்தை வெச்சுப்பேன், சூட்டை வெச்சு அடையாளம் பிடிச்சுட்டேன் என்று எழுதினாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவே. அவள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள்.

வாரம் முடிந்தது. வெளியே போய்த் திரும்புகிறவரை மன்னிப்புக் கேட்கச் சொல்வதில்லை, புண்பட்டவர் விரும்பினால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், திரும்பியவர் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற உன் ஏற்பாடு தெரிந்ததுதான். அவள் என்ன கேட்பாள் என்று யோசித்து, நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் என்ன, உங்களுக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டால் என்ன என்று இரண்டுக்கும் நல்ல வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. டீச்சரம்மா, உங்களுக்கு மூக்கு இருக்குல்ல, கைக்குழந்தையோட தலை எப்படி மணக்கும், எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன், அவ்வளவுதான் கேள்வி.

தயார் செய்த வாதங்களை ஒதுக்கிவைத்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். உன் அப்பா, என்ன ஆராய்ச்சிக் கட்டுரையா என்று கேட்டுவிட்டு நான் முறைத்ததும் போய்விட்டார். கடைசியில் இப்படி எழுதினேன்: காய்ச்சி ஆறிய பாலின் ஏடு பாதி. வெயிலில் காய்ந்து, மடிக்கும்போது இன்னும் சூடு ஆறாத பருத்தித் துணி கால் பங்கு. மிச்சமிருக்கும் கால் பங்குக்குப் பெயர் கிடையாது. அது உச்சிக்குழியின் பக்கத்தில் கூடுதலாகவும் காதோரத்தில் குறைவாகவும் இருக்கும், குழந்தை தூங்கும்போது வலுக்கும், பசித்து அழும்போது புளிக்கும். சில மாதங்களில் போய்விடும், போன நாள் எது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது, மூக்கு உள்ளவளுக்கும்கூட. பெயர் தெரியாத பொருளைப் பற்றி நான் எழுதியது இதுவே முதல் தடவை. அவள், தெரிஞ்சுடுச்சு டீச்சரம்மா என்று மட்டும் பதில் போட்டாள். அதன் கீழே ரொட்டிக்கடைக்காரர், வருக என்று எழுதியிருந்தார், மதிப்புக்குரிய என்ற சொல் இல்லாமல்.

ஒன்று மட்டும் அங்கே எழுதவில்லை, அது குழுவுக்குரிய செய்தி அல்ல. அவ்வளவு நெருக்கத்தில் நான் முகர்ந்து பார்த்தவை இரண்டு தலைகள். உன் தம்பியின் தலையில் உன் அப்பா பவுடர் டப்பாவைக் கவிழ்த்துவிடுவார், அவன் தலை எப்போதும் கடையைப் போல மணந்தது. ஆகவே அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது எந்தத் தலை என்று உனக்கே தெரியும். அதே தலைதான் என்னை வெளியே நிறுத்தவும் முடிவு செய்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன், எண்ணும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது. பெருமை என்ற சொல்லை எழுதினால் நீ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாய், அதனால் எழுதவில்லை, நீயே சரியான இடத்தில் போட்டுப் படித்துக்கொள்.

ருசி பாதிதான் தெரிகிறது என்பதற்காக வேளை தவறிச் சாப்பிடாதே. உடம்பும் மனமும் உறுதியாக இருக்கட்டும், உன் குழு இன்னும் வளரட்டும், வளர்ந்தாலும் அந்த இரண்டாம் விதி தேயாமல் இருக்கட்டும், இதுவே என் ஆசி, உன் அப்பாவுடையதையும் சேர்த்துக்கொள். கடைசியாக ஒன்று, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறோமே, உன் சமையலறை எரிவாயு எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியை மாற்றினாயா, இல்லையா? மாற்றியதும் எனக்குத் தனியாக எழுத வேண்டாம், மோப்பத்தில் எல்லோரும் பார்க்க எழுது. சலுகை எனக்கு மட்டும்தான் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
மறுபடியும் உள்ளே வந்துவிட்ட உறுப்பினரும்
என்றைக்கும் வெளியே நிறுத்தப்படாத தாயுமான,
உன் அம்மா