மகனில்லாத ஸ்மெர்ட்

நவம்பர் 4, திங்கள்
மழை. பனியாக விழவும் மனமில்லாத மழை. மகள் ஆரணியின் பல்கலைக்கழக ஆய்வேடு இணையத்தில் இருக்கிறதாம், தங்கச்சி சொன்னாள். புருசெத் நூலகத்தில் அச்செடுத்தேன். மகளையே கேட்கலாம்தான். கதைத்துப் பதினொரு மாதம்.

நவ. 6
செய்ய வேண்டியது: மாத்திரை. குப்பை. ஐயருக்குப் போன் (மனைவி வதனியின் ஆண்டுத் திவசம், 17).
ஆய்வேடு ‘ஸ்மெர்ட்’ பற்றி. பழைய ரஷ்ய நாட்டுக் கமக்காரன், இளவரசனுக்கு அடங்கி வயல் உழுதவன். இங்கே முப்பது வருடம் பஸ் ஓட்டிய என் நொர்ஸ்க், நோர்வே மொழி, இதை வாசிக்கக் காணாது. பக்கத்துக்குப் பத்துச் சொல் தேடுகிறேன். உலகத்தில் ஆயிரம் விஷயம் இருக்க, இவளுக்கு இந்தக் கமக்காரன்!

நவ. 9
பக்கம் 31. மகன் இல்லாமல் ஸ்மெர்ட் செத்தால் உடைமை இளவரசனுக்கு. கலியாணமாகாத மகளுக்கு ஒரு பங்கு. கட்டிக் கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. கீழே அவளுடைய வசனம்: ‘மகள் இருந்தாள். ஆனாலும் சட்டம் அவனைப் பிள்ளையில்லாதவன் என்றே எண்ணியது.’
எனக்குத்தான் எழுதியிருக்கிறாள் என்று கோபம். பிறகு, என்னை நினைத்தே இருக்கமாட்டாள் என்று பட்டது. அது இன்னும் மோசம்.

நவ. 10
நித்திரை சரியில்லை. வதனியின் செத்தவீடுதான் கண்ணுக்குள். ஐயர், “ஆர் கிரியை செய்யிறது?” ஆரணி முன்னுக்கு வந்தாள். “நான் செய்யிறன் அப்பா.” எட்டு மாதம் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள். அத்தனை சனத்துக்கு முன்னால் நான், “பொம்பிளைப் பிள்ளை செய்யிறேல்லை. எங்களுக்குப் பெடியன் இல்லைத்தானே.” தர்ப்பையைத் தங்கச்சி மகனுக்குப் போட வைத்தேன். அவன் நல்லவன். பிழை என்னுடையது.

நவ. 11
ஐயருக்குப் போன்.
“போனமுறை கிரியைக்கு இருந்த தம்பிதானே?”
“இல்லை ஐயா. மகள்.”
“மகளோ?”
“ஓம். எங்களுக்கு ஒரு பிள்ளை.”
ஆரணிக்கும் எழுதினேன்: ‘அம்மாவின்ரை திவசம் 17. நீ செய்ய வேணும்.’

நவ. 14
பதில் இல்லை. வாசித்திருக்கிறாள், போனில் அடையாளம் தெரிகிறது. திவசப் படையலுக்குக் கத்தரிக்காய் வாங்கியாயிற்று.

நவ. 17
முதல் பனி. கோயில் மண்டபம். ஒரு மணித்தியாலம் வாசலையே பார்த்தேன். வரவில்லை. தங்கச்சி மகன் வேட்டியோடு தயார்.
“நேரம் போகுது. தம்பியை இருத்துவமே?” ஐயர்.
“வேண்டாம். நான் இருக்கிறன். மகளுக்குப் பதிலா.”
முழங்கால் மடங்கவில்லை. உட்காரக் கதிரை தந்தார்கள். தங்கச்சி அழுதுகொண்டே படம் எடுத்தாள்.

நவ. 18
பாதையெல்லாம் வழுக்கல். வெளியே போகவில்லை. மத்தியானம் ஆரணியிடமிருந்து:
‘மாமி படம் அனுப்பினவா. அடுத்த வருசம் திவசத்துக்கு நான் இருக்கிறன்.’
வேறு ஒன்றும் இல்லை. ஐயருக்கு உடனே போன் எடுத்துச் சொல்லிவைத்தேன். அதற்கு இன்னும் ஒரு வருடம் கிடக்கிறதே என்று சிரிக்கிறார்.