கயலுக்கு எடை ஏறவில்லை

ஆடி 11, ஞாயிறு.

மாவட்ட அணிக்குக் கால்பந்துத் தேர்வு என்றதும் மக கயலுக்கு மூணு மாசமாக முட்டையாகத் திணித்தேன். கறிக்கோழி வளர்க்கிறவன் புத்தி, எடை ஏறினால்தான் எடுப்பார்கள் என்ற நினைப்பு. அவளுக்கு ஏறவில்லை; மிச்சத்தைத் தின்ற எனக்குத்தான் தொப்பை.

இன்று மைதானத்தில், "ஏனுங்க, இந்தச் சிட்டுக்குருவியையும் ஆட எறக்கறீங்களா?" என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பந்து அவளிடம் வந்ததும் ரெண்டு பெரிய பிள்ளைகள் பாய்ந்தார்கள். இவள் லேசாக இழுத்துத் திரும்பித் தட்டினாள். அவர்கள் ஒருத்திமேல் ஒருத்தி மோதினார்கள். பந்து, நான் கவனிக்கவே இல்லாத ஒரு பிள்ளையின் காலடிக்குப் போனது. கோல்.

"பார்க்காமயே எப்படி சாமி தட்டுன?" என்று ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"பந்து வர்றதுக்கு முன்னாலயே பார்த்துட்டேனுங்கப்பா."

அணியில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது தூங்குகிறாள். என் பிள்ளைதானா என்று ரெண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டேன்.