ஜிகினா மாலை

ஆயுத பூசைக்கு மறுநாள், இரவு.

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

காலையில் அவள் பைக்கில், பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓட்டிப் பார்த்தும் அணையவில்லை. அப்பா கத்தினார். "பிரேக்கு சரியில்லாத வண்டில படூருக்கு வேலைக்குப் போவியா? அத வித்துட்டு வூட்டுல கிட."

நேற்று பூசைக்கு முன்சக்கரத்தில் ஜிகினா மாலை சுற்றியது நான்தான். கழற்ற வராமல் இழுத்து அறுத்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா ஃபியூஸைப் பார்த்தாள், பிரேக் ஆயிலைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு வளையம்.

"சக்கரம் சுத்தசொல்ல சென்சார் இந்த ஓட்டைங்களத்தான் எண்ணிக்கினு கீது. எண்ண முடியலன்னா லைட்டு எரியும்" என்றாள்.

வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து மாலையின் மெல்லிய கம்பியை உருவினாள். பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தாள். தெருமுனை வரை ஓட்டியதும் விளக்கு அணைந்தது. கடல்மணல் படிந்த இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி வழுக்காமல் நேராக நின்றிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இருந்துச்சு அதுல?" என்றார் அப்பா.

"சேறுப்பா."

கம்பி அவள் கைக்குள் இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

இவ்வளவு தெரிந்தவளுக்கு அது யார் வேலை என்று தெரியாதா? நாளை அவள் கிளம்புவதற்குள் சொல்லிவிடுவேன். அப்பாவும் இருக்கும்போதே.