செவுத்துக்கு அந்தப் பக்கத்துப் பாத்ரூம்

அக்கா,

இன்னிக்குக் காலையில பாத்ரூமைக் கழுவலாம்னு உன் பக்கம் வந்தேன். நீ போனதுக்கப்புறம் அங்க தண்ணி ஊத்த ஆளில்லை. ஜன்னல் மேல கையை வுட்டுத் துழாவினா ஒரு டப்பா. தொறந்தா எலுமிச்சம்பழ வாசம். அந்த ஜெர்மனிக்காரப் புள்ள லேனா வுட்டுட்டுப் போன சோப்பு. பாதி கரைஞ்சு, காய்ஞ்சு வெடிச்சுக் கெடக்குது, வாசம் மட்டும் போவலை. அப்படியே ஈரத் தரையில உட்கார்ந்துட்டேன். யாராவது பார்த்திருந்தா வழுக்கி வுழுந்துட்டான்னு ஓடி வந்திருப்பாங்க. பாக்கறதுக்குத்தான் யாரு இருக்கா.

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவ. எம் பொண்ணு சின்னதுல சொல்லிக்குடுத்த எழுத்து இது. சிரிக்காதே.

லேனா வந்த அன்னிக்கு நமக்குள்ள பேச்சு நின்னு ஆறு வருசம். அண்ணன் பொண்டாட்டி நீ, தம்பி பொண்டாட்டி நான். ஒரே அடுப்புல பதினஞ்சு வருசம் களி கிண்டினவங்க. செவுரு, பாகம் பிரிச்சப்ப ஆம்பளைங்க வெச்சது. பேச்சை நிறுத்தினது நாம.

எம் பொண்ணு கல்யாணத்துல நலங்கு வெக்கறப்ப நீ மஞ்சக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு ஆசையா முன்னால வந்தே. உங்கூட்டுக்காரரு போயி அப்ப ஒரு வருசம்கூட ஆவலை. எங்க பொறந்த வூட்டு அண்ணி, "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா"ன்னாங்க. நீ என் மூஞ்சியப் பார்த்தே. நான் பொண்ணுக்குப் பூ சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டுப் போனவதான். அப்புறம் எங்கூட்டுக்காரரும் போய்ட்டாரு. நீ வந்தே, அழுதே, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போனே.

வூட்டுல ஒரு மனுசக் கொரலு கேட்டாப் போதும்னு இருந்தப்பதான் காலேஜ் டீச்சரம்மா வந்தாங்க. ராகி வெள்ளாமையைப் பத்திப் படிக்க வெளிநாட்டுப் புள்ள ஒண்ணு வருது, ஒரு மாசம் வெச்சுக்கறீங்களான்னாங்க. "பாத்ரூம் இருக்குதுங்களா?" "இருக்குதுங்க." இருந்தது நெசம்தான். ஆனா உன் பக்கம் இருந்துச்சு. என் பக்கம் தென்னங்கீத்து மறைப்புதான்.

புள்ள வந்து எறங்குச்சு பாரு, என்னா உசரம்! வந்ததும் வாசக்கால் நெலவுல நெத்தியை இடிச்சுக்கிச்சு. நம்ம மாமனாரு அளவெடுக்கறப்ப அவரு உசரத்துக்குத்தான் எடுத்திருப்பாரு போல, அந்த மனுசன் சோளத்தட்டு மறைக்கற குட்டை ஆளு. சரி, அது வேற கதை. டீச்சரம்மா கெளம்பறப்ப, "சாயந்திரம் ஒருக்கா வரேங்க. புடிக்கலைன்னா இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்"னாங்க.

புள்ள துண்டும் சோப்புமா வந்து நின்னுச்சு. போன்ல தமிழாக்கிப் பேசுமாம், நம்ம ஊர்ல டவரு எங்க இருக்குது? நான் செவுத்தோரம் போயி கோழிகிட்ட சத்தமா சொன்னேன். "ஏ கோழி, தூரத்துல இருந்து ஒரு புள்ள வந்திருக்குது. குளிக்கணுமாம். மனசு இருக்கறவங்க கதவைத் தொறக்கலாம்."

பேச்சு இல்லாதவங்களுக்கு ஜாடைதானே வழி. உன் பக்கத்துல இருந்து ஆட்டுக்குட்டிக்கு உத்தரவாச்சு. "ஏ குட்டி, பாத்ரூம் இருக்குதுன்னு பொய் சொன்னாங்களே, எங்க கட்டியிருக்காங்கன்னு கேளு."

ஆனாலும் வந்தே. புள்ள கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனே.

அப்புறம் நமக்குக் கோழியும் வேண்டாம், ஆடும் வேண்டாம்னு ஆயிடுச்சு. புள்ளையை நடுவுல நிறுத்திக்கிட்டோம். "கண்ணு, களிக்குக் கீரைக் கொழம்பு வெச்சிருக்காங்களான்னு கேளு"ன்னு நீ. "வெச்சிருக்குது, வூட்டுல வெக்காதவங்களை வந்து வாங்கிக்கச் சொல்லு கண்ணு"ன்னு நான். அதுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழு 'ஆமா'. உன்னைப் பார்த்து ஒரு ஆமா, என்னைப் பார்த்து ஒரு ஆமா. பாவம், எல்லாம் தன்னைத்தான் சொல்றாங்கன்னு நெனைச்சிருக்கும். ஆறு வருசத்துக் கோவத்தை நாம அது காதுல மாத்தி மாத்திக் கொட்டினோம். நான் கையை நீட்டி நீட்டிக் கத்தறேன், நீ அதுக்கு மேல கத்தறே. மத்தியானம் மூணு மணி இருக்கும், புள்ள மொகம் செவந்து போச்சு. வுடுவுடுன்னு எழுந்து போயி உன் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிச்சு.

குழாயைத் தொறந்து வுட்டுச்சு. தண்ணி சத்தத்துக்குள்ள அழுவுது. ஊரு வுட்டு ஊரு வந்த மொத நாளு, பொண்ணு அழுவற அழுவை எனக்குத் தெரியாதா? மாரண்டஹள்ளியில இருந்து நாலு மைலு தள்ளி வாழ வந்ததுக்கே நான் மூணு நாளு அழுதவ. அன்னிக்கு நீதான் பக்கத்துல உட்கார்ந்து வேர்க்கடலை உரிச்சு உரிச்சு என் கையில வெச்சே.

செவுத்தைச் சுத்தி நானும் ஓடியாந்தேன். கதவுக்கு முன்னால நீயும் நானும். நடுவுல வெக்க ஒரு ஜீவன் இல்லை. டீச்சரம்மா வந்தா புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. மறுபடி நான், என் வூடு, என் செவுரு.

"இப்ப என்னக்கா பண்றது?"

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தே. "அது காதுகிட்ட எதுக்குடி அப்படிக் கத்தினே?"

"நீ கத்தலையா?"

"நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்துத்தான் கத்தினேன்."

"ஆட்டுக்குட்டி எங்கக்கா இருந்துச்சு அங்க?"

உனக்குச் சிரிப்பு வந்துருச்சு, எனக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு அந்த வாசப்படியிலயே உட்கார்ந்தோம். நீ சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினே, ஆறு வருசம் கழிச்சு உன் வூட்டுத் தண்ணி. மெதுவா பேசிக்கிட்டு இருந்தோம். தக்காளிச் செடியில பூச்சி, நீ வளக்கற குட்டி, என் பொண்ணு ஓசூர்ல வாங்கின வூடு. சண்டைச் சத்தம் இல்லைன்னதும் குழாய் நின்னுச்சு. தாழ்ப்பாள் நவுந்துச்சு. புள்ள ஈரக் கண்ணோட எட்டிப் பார்த்து, நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல இடம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்துச்சு.

சாயந்திரம் டீச்சரம்மா வந்து, இங்கயே இருக்கறியான்னு கேட்டதுக்கு அது சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். ஆமா.

மாசம் முடிஞ்சு புள்ள போயிடுச்சு, பேச்சு இருந்துச்சு. "மொதல்ல பேசினவ நீதான்டி, தோத்தவ நீதான்"னு நீ கடைசி வரைக்கும் வம்பு இழுத்தே. இல்லவே இல்லை, நீதான் முனகினேன்னு நானும் சாதிச்சேன். ஒத்துக்கறேங்க்கா. நான்தான்.

ஆனா பேச வேண்டியதைப் பேசலை. பேச்சு வந்துட்டாப் பழசெல்லாம் போயிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். நீ படுத்த படுக்கையா கெடந்த கடைசி வாரம் உன் காலைப் புடிச்சு வுடறப்ப நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீ "தண்ணி குடுடி"ன்னே. குடுத்தேன். அவ்ளோதான்.

அன்னிக்கு எங்க அண்ணி தள்ளி நில்லுன்னப்ப நான் குனிஞ்சிருக்கக் கூடாது. "எங்கக்கா வெக்கட்டும்"னு சொல்லியிருக்கணும். ரெண்டே சொல்லு. அன்னிக்கு வாயில வரலை. இப்ப வாய் நெறைய அதுதான் இருக்குது. கேக்கத்தான் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லை.