சூடு பண்ணாத சாம்பார்

மே 12, செவ்வாய்

சிலிண்டர் தீரப்போகிறதே என்று, நேற்று வைத்த முருங்கைக்கீரைச் சாம்பாரைச் சூடு பண்ணாமலே காலையில் அவருக்கு டிபன் பாக்ஸில் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்தேன். திண்டிவனம் மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை தூக்கக் கிளம்பிவிட்டார். மத்தியானம் மகள் சாப்பிட உட்கார்ந்து, “அம்மா, சாம்பார்ல நுரை நிக்குதும்மா” என்றாள். முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போயிருந்தது.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. கேப்பைக் கூழை மோர் விட்டுக் கரைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மண்டிக்கு ஓடினேன். அவர் குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இந்த வெயில்ல எதுக்கு ஓடியாந்தே?”

“சாம்பாரு ஊசிப்பூடிச்சுங்க. துன்னுட்டீங்களா?”

“வாயில வச்சதுமே தெரிஞ்சிது.”

“அப்புறம் ஏன் துன்னீங்க? கொட்டியிருக்கலாம்ல?”

“கொட்டிட்டு? வெறும் வயித்தோட மூட்டை தூக்கச் சொல்றியா?”

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கூழைக் குடித்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முறை வாந்தி எடுத்தார். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். விடியற்காலையில் லோடு இருக்கிறது, எழுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

நான் எழுப்பப் போவதில்லை.